தென்காசியில் உங்கள் பிரதிநிதி யார்? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஒரு மாதம் என்ன செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டு கேட்பார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேரனின் போட்டோவை டெஸ்க்டாப்பில் வைப்பார்கள். அதற்குப் பிறகு, "இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்று கேட்பார்கள்.

2025 ஜூலையில், சாரல் விழுந்து கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த அண்ணாச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு மட்டும் இந்தக் கேள்வி வரவில்லை. கையில் ஒரு வேலையோடு காத்திருந்தார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் பிரியும் ஒரு தெருவில் அவர் வீடு. வாசலில் வாறுகால் மேல் போட்டிருந்த சிலாப் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. மழைத் தண்ணீர் நிரம்பி நின்றதால் உடைந்த இடம் தெரியாமல் அவருடைய அம்மா காலை வைத்துவிட்டார். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அண்ணாச்சி கோபத்தோடு மனு எழுதினார். அந்த மனுவும் திரும்பி வந்துவிட்டது.

"தம்பி, நான் நெட்டுல பாத்துதான் எழுதுனேன். தென்காசி கவுன்சிலர்னு போட்டேன், பேரு வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு, இது எங்க எல்லை இல்லைன்னு திரும்பி வந்துட்டு. அப்ப நான் எந்த ஊர்லதான் இருக்கேன்?"

"அண்ணாச்சி, வீட்டு வரி எங்க கட்டுதீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

நாங்கள் இருவரும் அன்று மாலை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

தென்காசி ஒன்றல்ல, ஆறு

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். "தென்காசி" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஆறு விஷயங்களை. தென்காசி நகராட்சி, தென்காசி வட்டம், தென்காசி ஊராட்சி ஒன்றியம், தென்காசி சட்டமன்றத் தொகுதி, தென்காசி மக்களவைத் தொகுதி, தென்காசி மாவட்டம். பெயர்தான் ஒன்று, எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. கம்ப்யூட்டரில் வெறுமனே "தென்காசி" என்று டைப் செய்தால், நீங்கள் கேட்பது இதில் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

உதாரணம் சொல்கிறேன். தென்காசி மக்களவைத் தொகுதியின் எண் 37. அதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி. முதல் இரண்டும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆலங்குளமோ தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எம்.பி.க்கு ஓட்டுப் போடுவது திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில். ஆக, ஆலங்குளத்தில் இருப்பவர் கலெக்டரைப் பார்க்க தென்காசிக்கு வர வேண்டும். எம்.பி.யிடம் போவதென்றால் திருநெல்வேலித் தொகுதியின் எம்.பி.யைத் தேட வேண்டும்.

எம்.எல்.ஏ. விஷயத்திலும் இதே கதைதான். செங்கோட்டை, தென்காசிக்குப் பக்கத்து ஊர். பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடும். ஆனால் அது கடையநல்லூர் சட்டமன்றத் தொகுதி. குற்றாலம் தென்காசி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது.

உள்ளாட்சிக்கு வந்தால் இன்னும் சிக்கல். தென்காசி ஒரு நகராட்சி. அதைத் தாண்டி குற்றாலம் ரோட்டில் போனால் மேலகரம், அது ஒரு பேரூராட்சி. பேரருவி இருக்கும் குற்றாலம் தனிப் பேரூராட்சி. பக்கத்தில் இலஞ்சி இன்னொரு பேரூராட்சி. இவற்றுக்கு இடையிடையே ஊராட்சிகள். பெயரில் குற்றாலம் இருக்கும் பழைய குற்றாலம், குற்றாலம் பேரூராட்சியில் இல்லை. ஆயிரப்பேரி ஊராட்சியில் இருக்கிறது. வீடுகள் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து போவதால், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று ரோட்டில் நடப்பவருக்குத் தெரியாது. அண்ணாச்சி மாட்டிக் கொண்டது இங்கேதான். கடிதங்களில் "தென்காசி" என்று எழுதி, பின்கோடும் போட்டுப் பழகியவர் அவர். வீடு வேறொரு உள்ளாட்சியில் இருந்தது.

பின்கோடை நம்பாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் "ரைட்-டு-தெம்" என்று ஓர் இணையதளம் இருக்கிறது. உங்கள் போஸ்ட்கோடை அடித்தால் கவுன்சிலர் முதல் எம்.பி. வரை பெயர்களைக் காட்டிவிடும். அங்கே ஒரு போஸ்ட்கோடு என்பது பெரும்பாலும் ஒரு தெருவின் சில வீடுகள்தான். நம் பின்கோடு 1972-ல் தபால் பிரிப்பதற்காக வந்தது. ஓர் எண்ணுக்குள் பல ஊர்கள் அடங்கும். அதை வைத்து வார்டைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் வேலை: வாக்காளர் எண்

எம்.எல்.ஏ., எம்.பி. இருவரையும் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வாக்காளர் அடையாள அட்டையை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அதில் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் சேர்ந்த பத்து இலக்கக் குறியீடு இருக்கும். கவனமாகப் பாருங்கள். ஆங்கில 'ஓ' எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்பிக் கொள்பவர்கள் அதிகம். முதல் மூன்றும் எழுத்து, மற்ற ஏழும் எண் என்பதை நினைவில் வைத்தால் தவறு வராது.

பிரவுசரைத் திறந்து மேலே அட்ரஸ் பாரில் "எலக்டோரல்சர்ச் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன்" என்ற முகவரியை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். இது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளம். இணைய முகவரியின் கடைசியில் "கவ் டாட் இன்" இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். இதே போலத் தோன்றும் வேறு தளங்களில் அட்டை எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டாத அழைப்புகள் வருகின்றன என்று வருத்தப்படாதீர்கள்.

இந்தத் தளத்தில் மூன்று வழிகளில் தேடலாம். பெயர் முதலான விவரங்கள், அட்டை எண், மொபைல் எண். அட்டை எண்தான் நல்லது. பெயரில் தேடினால் இனிஷியல், ஸ்பெல்லிங் தகராறு வரும். சங்கரன் என்ற பெயரை நம் ஊரில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! எண்ணை டைப் செய்து, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அப்படியே கட்டத்தில் அடியுங்கள். இதற்கு "கேப்ட்சா" என்று பெயர். அடிப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. படிக்க முடியவில்லை என்றால் பக்கத்தில் வட்டமாக இருக்கும் அம்புக் குறியைக் கிளிக் செய்யுங்கள். வேறு எழுத்துகள் வரும். அண்ணாச்சிக்கு நான்காவது முறைதான் சரியாக வந்தது.

இப்போது உங்கள் பெயருடன் சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி, வாக்குச் சாவடி ஆகியவை கிடைக்கும். விவரங்களைப் பார்க்கும் பட்டனைக் கிளிக் செய்தால் பாக எண், வரிசை எண்ணும் வரும். தென்காசி சட்டமன்றத் தொகுதி என்றால் எண் 222. கடையநல்லூர் 221, ஆலங்குளம் 223. இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பெயரைவிட எண் நம்பகமானது. தென்காசிகள் ஆறு இருக்கலாம், 222 ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஒரு வாக்குச் சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்று சாவடிகளும் பிரிக்கப்பட்டன. எனவே பழைய தேர்தல் சீட்டில் இருக்கும் பாக எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்கலாம். உங்கள் பெயரே வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாமல் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். வேறு ஊரிலிருந்து குடி வந்திருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர்வதென்றால் படிவம் 6. இரண்டையும் கம்ப்யூட்டரிலேயே நிரப்பலாம்.

பெயர் எங்கே கிடைக்கும்?

தொகுதி தெரிந்துவிட்டால் பெயரைக் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை. எம்.பி.க்கு "சன்சத் டாட் இன்" என்ற நாடாளுமன்றத் தளம். மக்களவை உறுப்பினர்கள் பகுதியில் மாநிலம், தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் போட்டோ, முகவரி, சபையில் கேட்ட கேள்விகள் எல்லாம் வரும். 2024 தேர்தலில் தென்காசியில் வெற்றி பெற்றவர் ராணி ஸ்ரீகுமார். 2019-ல் தனுஷ் குமார். எம்.எல்.ஏ.வுக்கு "அசெம்பிளி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்" என்ற சட்டமன்றத் தளத்தில் தொகுதிவாரிப் பட்டியல் இருக்கிறது. தற்போதைய பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. பெயர் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். வழி தெரிந்தால் நீங்களே எப்போதும் பார்த்துக் கொள்ளலாம்.

தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பழைய முடிவுகளும் உள்ளன. 2021-ல் தென்காசி சட்டமன்றத் தொகுதியில் வென்ற காங்கிரஸ் வேட்பாளர் பழனி நாடாருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையே வித்தியாசம் 370 ஓட்டு. அண்ணாச்சி அந்த எண்ணை ஸ்கிரீனில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். "எங்க தெருவுலயும் பக்கத்து ரெண்டு தெருவுலயும் சேத்தாலே இம்புட்டு ஓட்டு இருக்கும் தம்பி" என்றார். (புதிதாக வாங்கிய ஸ்கிரீனில் விரல் வைக்காதீர்கள். கறை படியும்.)

வார்டுதான் கஷ்டம்

இனிமேல்தான் உண்மையான வேலை. உடைந்த சிலாப்புக்கு எம்.பி.யைத் தேடிப் போவதில் பயனில்லை. வாறுகால், தெரு விளக்கு, குடிதண்ணீர், குப்பை இவை உள்ளாட்சி சமாச்சாரம். ஆனால் நாம் இதுவரை பார்த்த எந்தத் தளத்திலும் வார்டு கவுன்சிலர் பெயர் வராது. காரணம், இரண்டு தேர்தல் ஆணையங்கள் இருக்கின்றன. சட்டமன்றம், மக்களவைத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்களுக்குப் பிறகு வந்த தனி அமைப்பு அது. தளமும் தனி. பாக எண் வேறு, வார்டு எண் வேறு. பாக எண் 45 என்றால் 45-வது வார்டு என்று நினைத்து ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். தென்காசி நகராட்சியில் மொத்தமே 33 வார்டுகள்தான்!

எனவே கம்ப்யூட்டரை ஒரு நிமிடம் விட்டுவிட்டு பீரோவைத் திறக்க வேண்டும். உங்கள் வீட்டு வரி ரசீதின் தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் உள்ளாட்சி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கம்ப்யூட்டர் கட்டுரையில் காகித ரசீதைப் பற்றிச் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. பல ரசீதுகளில் வார்டு எண்ணும் இருக்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் உடனே நம்ப வேண்டாம். வார்டுகள் மறுவரையறை செய்யப்படும்போது எண் மாறியிருக்கலாம்.

உள்ளாட்சி தெரிந்த பிறகு "டிஎன்செக் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்" என்ற மாநிலத் தேர்தல் ஆணையத் தளத்துக்குப் போங்கள். மாவட்டம், உள்ளாட்சி, வார்டு என்று ஒவ்வொன்றாகக் கீழ் விரியும் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டப் பெயரில் கவனம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-ல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய தேர்தல் விவரம் வேண்டும் என்றால் திருநெல்வேலியில் தேட வேண்டும்.

வார்டு வாக்காளர் பட்டியல்கள் பிடிஎஃப் ஃபைலாக இருக்கும். இதில் புதியவர்கள் ஏமாறும் ஒரு விஷயம்: கண்ட்ரோல் கீயோடு எஃப் கீயை அழுத்தி உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பக்கங்கள் எழுத்தாக இல்லாமல் படமாக இருந்தால் கம்ப்யூட்டரால் அதற்குள் தேட முடியாது. தெருப் பெயரை வைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும். நாங்கள் இரண்டு வார்டுகளின் பட்டியலைப் புரட்டி, மூன்றாவதில் அண்ணாச்சியின் தெருவைப் பிடித்தோம். பிறகு அதே தளத்தில் 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தல் முடிவைத் திறந்து, அந்த வார்டில் வென்றவர் பெயரைக் குறித்துக் கொண்டோம். மாவட்ட நிர்வாகத்தின் "தென்காசி டாட் நிக் டாட் இன்" தளத்தில் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஒன்றியங்களின் விவரங்கள் இருக்கின்றன. மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 10 ஊராட்சி ஒன்றியங்கள். உங்கள் ஊர் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அங்கே பார்த்துக் கொள்ளுங்கள்.

கூகுளில் நேரடியாகத் தேடினாலோ, இப்போதைய ஏஐ அரட்டைப் புரோகிராம்களைக் கேட்டாலோ பெயர் உடனே வந்துவிடும். ஆனால் அது எந்த வருடத்துப் பெயர், எந்த "தென்காசி" என்று பார்க்காமல் எழுதினால் அண்ணாச்சியின் முதல் மனுவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு

நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர் உள்ளாட்சிக்கு ஒரே ஓட்டுத்தான் போடுகிறார், வார்டு கவுன்சிலருக்கு. 2022 தேர்தலில் தலைவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஊராட்சியில் அப்படியல்ல, நான்கு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச் சீட்டின் நிறத்தை வைத்துத்தான் பலரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எம்.எல்.ஏ., எம்.பி.யையும் சேர்த்தால் நகரத்தில் இருப்பவருக்கு மூன்று பிரதிநிதிகள், கிராமத்தில் இருப்பவருக்கு ஆறு. இந்த ஒரு விஷயத்தில் கிராமம்தான் பணக்காரர்.

தென்காசி மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. காலம் முடிந்து அடுத்த தேர்தல் வராவிட்டால் அந்த இடைவெளியில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். 2016 அக்டோபரிலிருந்து நம் ஊராட்சிகளில் ஐந்து ஆண்டும், நகராட்சி, பேரூராட்சிகளில் 2022 மார்ச் வரையும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருமே இல்லாமல் இருந்தது பலருக்கு மறந்திருக்கும். நீங்கள் தேடும்போது பெயர் காலியாக இருந்தால் தளத்தில் கோளாறு என்று நினைக்காமல் பதவிக்காலத்தைப் பாருங்கள். அப்போது மனுவைச் செயல் அலுவலருக்கோ, நகராட்சி ஆணையருக்கோ, வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ அனுப்ப வேண்டும்.

யாரிடம் எதைக் கேட்பது என்று எல்லாவற்றையும் எழுத இங்கே இடமில்லை. தெருவுக்குள் முடிவது கவுன்சிலர். ஊருக்கு ஊர் போவது, அதாவது பள்ளிக்கூடக் கட்டடம், பஸ், மாநில ரோடு, இவை எம்.எல்.ஏ.; ரயில், தபால், தேசிய நெடுஞ்சாலை எம்.பி. செங்கோட்டை - புனலூர் அகலப்பாதை 2018-ல் முழுமையாகத் திறக்கப்பட்டதே, அது டெல்லி சம்பந்தப்பட்டது. அதற்குக் கவுன்சிலரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

கடைசியாக, கண்டுபிடித்ததைச் சேமித்து வையுங்கள். நோட்பேடைத் திறந்து ஐந்தாறு வரிகள் போதும்: மக்களவைத் தொகுதி எண், சட்டமன்றத் தொகுதி எண், பாக எண், உள்ளாட்சியின் பெயர், வார்டு எண், பார்த்த தேதி. தமிழில் அடிக்க விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் ஃபோனடிக் கீபோர்டு இருக்கிறது. செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும். சேவ் செய்யும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகத் தெரியும்.

அண்ணாச்சி புது மனுவை அன்று இரவே அடித்தார். முதல் வரியில் உள்ளாட்சியின் பெயரும் வார்டு எண்ணும் தெருப் பெயரும். கூடவே உடைந்த சிலாப்பின் போட்டோ. கவுன்சிலரிடம் ஒரு காப்பி, அலுவலகத்தில் ஒரு காப்பி கொடுத்து ஒப்புகையும் வாங்கி வந்தார். பத்து நாளில் கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். புது சிலாப் விழ இன்னும் ஒரு மாதம் ஆனது. அதற்குள் தெருவில் விஷயம் பரவி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரி ரசீதோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் மறுபடி கூப்பிட்டார். பிரிண்டரில் கருப்பு மை தீர்ந்துவிட்டதாம். அதே கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் வாங்க வேண்டுமா, மை நிரப்பிக் கொள்ளலாமா என்று கேட்டார். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.